உருகாத கம்பியிலிருந்து உலோகம் எப்படி வெளியேறுகிறது?

மின் சிகரெட்டின் வெப்பக் கம்பியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கொஞ்சம் இயற்பியல் படித்த ஒருவர் ஒரே கணக்கில் எல்லோரையும் மடக்கிவிடுவார். நைக்ரோம் என்ற நிக்கல்-குரோமியக் கம்பி உருக வேண்டுமானால் சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மின் சிகரெட்டுக்குள் அந்தக் கம்பி வழக்கமாக எட்டுவதோ 200, 250 டிகிரி. உருகவே வழியில்லாத உலோகம் ஆவியாகி நுரையீரலுக்குள் போவதாவது!

கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் அந்தப் புகையைப் பிடித்து அளந்து பார்த்தவர்கள் அதில் நிக்கலைக் கண்டிருக்கிறார்கள், குரோமியத்தைக் கண்டிருக்கிறார்கள். கம்பியின் சேர்மானத்திலேயே இல்லாத காரீயத்தையும் கண்டிருக்கிறார்கள். உருகாத கம்பியிலிருந்து உலோகம் எந்த வழியாகத்தான் வெளியேறுகிறது?

கம்பிச் சுருளும் பஞ்சும் அடங்கிய, கழற்றி மாற்றக்கூடிய பாகத்தைக் காயில் என்பார்கள். பயன்படுத்தித் தூக்கியெறிந்த ஒரு காயிலைப் பிரித்துப் பார்ப்போம். விரல் நுனி அளவுள்ள உலோகக் குப்பி. அதன் பக்கச் சுவரில் சிறு துளைகள். திரவம் உள்ளே வர அவைதான் வாசல். உள்ளே பழுப்பேறிய பஞ்சு. பஞ்சை விலக்கினால் தலைமுடியைவிடத் தடித்த கம்பி, ஸ்பிரிங் போல ஐந்தாறு சுற்றுச் சுற்றியிருக்கும். புதிதில் வெள்ளியாக மின்னியது, இப்போது கரிய பொருக்கு பிடித்துக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் அந்தப் பொருக்கு செதில் செதிலாக உதிரும். இனிப்புச் சுவையூட்டிய திரவமாக இருந்தால் பொருக்கு இன்னும் தடிப்பாக இருக்கும்.

வேலை செய்யும் விதம் மிக எளிது. பேட்டரியின் 3.7 வோல்ட்டை 1 ஓம் மின்தடை உள்ள கம்பியில் செலுத்தினால் 3.7 ஆம்பியர் பாய்கிறது. ஏறக்குறைய 14 வாட் வெப்பம் பிறக்கிறது. கம்பியின் மின்தடையை 0.2 ஓமாகக் குறைத்தால் அதே பேட்டரி 68 வாட் தரும். இவ்வளவு வெப்பமும் அந்தச் சிறு சுருளில் குவிகிறது. பஞ்சு உறிஞ்சிவரும் திரவம் கம்பியைத் தொட்டுக் கொதிக்கிறது. திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான். முன்னதன் கொதிநிலை 188 டிகிரி, பின்னதன் கொதிநிலை 290 டிகிரி. திரவம் இருக்கும்வரை கொதித்தலே வெப்பத்தை வாங்கிக்கொண்டு போவதால், கம்பியின் சூடு இந்த எல்லையை ஒட்டியே நிற்கும். ஈரம் தீர்ந்தால் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கம்பியின் பூர்வீகம் இந்தக் கருவியைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. நிக்கல் 80 பங்கும் குரோமியம் 20 பங்கும் கலந்த நைக்ரோமுக்கு அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். ரொட்டி வாட்டும் டோஸ்டரும் மின் அடுப்பும் வீட்டுக்குள் வந்தது அந்தக் கம்பியின் தயவால்தான். பின்னர் ஸ்வீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ என்பவர் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் கலந்து இன்னொரு கம்பியைச் செய்தார். 'காந்தல்' என்று அதற்குப் பெயர். பாத்திரத்தின் அடியில் தீய்ந்து ஒட்டுவதையும் தமிழில் காந்தல் என்கிறோம். ஒட்டிய காந்தலோடு கிடக்கும் காந்தல் கம்பியைப் பார்க்கும்போது, பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமோ என்று தோன்றாமல் இல்லை.

இரண்டு கம்பிகளின் திறமையும் மேல்தோலில் இருக்கிறது. சாதாரண இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைச் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். நைக்ரோம் தன் மேல் குரோமியம் ஆக்சைடால் ஒரு மெல்லிய கவசம் போட்டுக்கொள்கிறது. காந்தல் போட்டுக்கொள்வது அலுமினியம் ஆக்சைடுக் கவசம். அது இன்னும் உறுதியானது. கவசத்துக்குள் ஆக்சிஜன் நுழைவது கடினம் என்பதால் உள்ளிருக்கும் உலோகம் பிழைத்துக்கொள்கிறது.

உலைகளில் பயன்படுத்தும்போது இந்த அலுமினியம் ஆக்சைடுக் கவசத்தை நன்றாக வளர்க்க, கம்பியை 1,000 டிகிரிக்கு மேல் உலர்ந்த காற்றில் மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். 250 டிகிரியில், அதுவும் திரவத்தில் ஊறிக்கொண்டே வேலை செய்யும் கம்பிக்கு அந்தத் தடித்த கவசம் வளர வாய்ப்பே இல்லை. உலர்ந்த காற்றுக்கும் நிதானமான பெருஞ்சூட்டுக்கும் பழக்கப்பட்ட வீரனைக் கவசம் போட விடாமல் சேற்றில் இறக்கிவிட்டதுபோலத்தான் இது. டோஸ்டரில் நூறாண்டு நற்பெயர் எடுத்த கம்பி என்று சான்றிதழ் வாசிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தவிர, டோஸ்டரின் மேல் வாயை வைத்து யாரும் மூச்சிழுப்பதில்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான விடையைக் கடற்கரையில் பார்க்கலாம். சாதாரண உப்பு 801 டிகிரியில்தான் உருகும். கடல் நீரின் சூடு முப்பது டிகிரியைத் தாண்டுவதே அரிது. அப்படியிருந்தும் கரையோரத்துச் சன்னல் கம்பிகளில் உப்பு பூக்கிறது, இரும்பு துருவேறுகிறது. உப்பு ஆவியாகவில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உப்பைத் தூக்கிச் செல்கின்றன. துளி காய்ந்ததும் உப்பு மிஞ்சுகிறது.

மின் சிகரெட்டிலும் நடப்பது இதுதான். நாம் பேச்சில் ஆவி என்று சொன்னாலும், கண்ணுக்குத் தெரியும் அந்த வெண்மை வெறும் வாயு அல்ல, கோடிக்கணக்கான திரவத் துளிகளின் கூட்டம். ஆவியானது குளிர்ந்து துளியாவது ஒரு பங்கு. சூடான கம்பியின் மேல் குமிழிகள் வெடித்து, கொதிக்கும் எண்ணெய் தெறிப்பதைப்போல நேரே தெறிக்கும் துளிகள் இன்னொரு பங்கு. திரவத்தில் கரைந்த உலோகமும் அதில் மிதக்கும் துகளும் இந்தத் துளிகளில் ஏறிப் பயணம் செய்கின்றன. உருகவும் வேண்டாம், ஆவியாகவும் வேண்டாம். கரைந்தால் போதும், உதிர்ந்தால் போதும்.

கரைவதற்கு வேண்டிய வசதி அங்கே தாராளமாக இருக்கிறது. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் கொண்டவை. இப்போது பரவலாக உள்ள நிக்கோட்டின் உப்புத் திரவங்களில் பென்சாயிக் அமிலம் சேர்கிறது. சுவைக்காகச் சேர்க்கும் சுக்ரலோஸ் அதிகச் சூட்டில் சிதைந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். உலோகத்தின் மேல்தோலைத் துளைப்பதில் குளோரைடுக்கு இணையில்லை. கடலோரத்தில் எவர்சில்வரே புள்ளி விழுவது அதனால்தான். இப்படி ஈரமும் அமிலமும் கூடிய திரவத்தில் கம்பி இழுப்புக்கு இழுப்பு மட்டும் நனைவதில்லை. இரவும் பகலும் ஊறிக் கிடக்கிறது.

உதிர்வது வேறு விதம். ஒரு இழுப்பு மூன்று நான்கு விநாடிதான். அதற்குள் கம்பி அறை வெப்பத்திலிருந்து 200 டிகிரிக்கு மேல் ஏறி, உடனே இறங்குகிறது. ஒரு நாளில் சில நூறு முறை இது நடக்கும். உலோகம் சூட்டில் விரியும் அளவும் அதன் மேலுள்ள ஆக்சைடு விரியும் அளவும் வேறு. விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி மேல்தோலில் கீறல் விழுகிறது, செதில் எழும்புகிறது. கீறலின் வழியே திரவம் புதிய உலோகத்தைத் தொடுகிறது.

இதை நேரடியாகக் காட்டிய ஆய்வு, 2018இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. தினமும் மின் சிகரெட் புகைக்கும் 56 பேரின் சொந்தக் கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். கருவியில் ஊற்றும் முன் குப்பியில் இருக்கும் திரவத்தில் ஒரு மாதிரி, வெளிவந்த புகையில் ஒரு மாதிரி, கருவிக்குள் மிஞ்சிய திரவத்தில் ஒரு மாதிரி. குப்பியில் உலோகம் சொற்பம். அதே திரவம் கம்பியைத் தாண்டி வந்ததும் நிக்கலும் குரோமியமும் காரீயமும் துத்தநாகமும் ஏறியிருந்தன. காரீயத்தின் இடைநிலை அளவு 25 மடங்குக்கு மேல். இன்னொரு விந்தையும் கண்ணில் பட்டது. காயிலை அடிக்கடி மாற்றுகிறவர்களின் புகையில் உலோகம் கூடுதலாகவே தென்பட்டது. பழையதுதான் கெட்டது, புதிது மாட்டினால் சுத்தம் என்ற நம்பிக்கைக்கு இது இடம் தரவில்லை.

காரீயம் கம்பியில் இல்லையே? உண்மைதான், குற்றவாளி கம்பி மட்டும் அல்ல. கம்பியைச் சுற்றி இருப்பவை பித்தளை இணைப்புகள், வெண்கலத் துண்டுகள், பற்றவைத்த முனைகள். பித்தளையைக் கடைசல் இயந்திரத்தில் எளிதாகச் செதுக்குவதற்காக இரண்டு மூன்று சதவீதம் காரீயம் சேர்ப்பது பழைய தொழில் வழக்கம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தினர் 2013இலேயே புகையில் வெள்ளீயத் துகள்களைக் கண்டு, அவை பற்றவைத்த இடங்களிலிருந்து வந்தவை என்று காட்டினார்கள். அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2025இல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளைச் சோதித்தார்கள். சில கருவிகளில் காரீயம் கலந்த வெண்கலப் பாகம் இருந்தது. புகைக்கத் தொடங்கும் முன்பே அதன் காரீயம் திரவத்தில் இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட ஒரு கருவியின் ஒரு நாள் புகையில், ஏறத்தாழ 20 பாக்கெட் சாதாரண சிகரெட்டில் வருவதைவிட அதிகக் காரீயம் இருந்தது. நிக்கலோ, இழுப்புகளின் எண்ணிக்கை ஏற ஏற ஏறியது. அது கம்பியின் பங்கு.

எவர்சில்வர் கரண்டியிலும் நிக்கல் உண்டு, அதில் தினமும் சாப்பிடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றுக்குக் காவல் அதிகம். விழுங்கிய நிக்கலில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். மூச்சில் வரும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துளி, காற்றுக்குழாயின் சளியையும் மயிர்ப்படலத்தையும் தாண்டி நேரே காற்றறைகளுக்குப் போய்விடும். அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத சவ்வு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, நிக்கல் கூட்டுப்பொருள்களையும் குரோமியம்-6ஐயும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் வைத்திருப்பதும், மூச்சில் இழுத்த தொழிலாளர்களைப் பார்த்துத்தான். குரோமியத்தில் ஒரு நுணுக்கம்: கவசத்தில் இருப்பது குரோமியம்-3, அது பெரிய ஆபத்தில்லை. வெல்டிங் போன்ற கடுஞ்சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாகும் குரோமியம்-6தான் நஞ்சு. 'குரோமியம் இருந்தது' என்று மட்டும் சொல்லும் ஒரு சோதனை, இதில் பாதியைச் சொல்லாமல் விடுகிறது.

உலோகம் தானே நுரையீரலுக்குப் போகாவிட்டாலும் செய்யும் வேலை ஒன்று உண்டு. சூடான உலோகப் பரப்பு வினையூக்கி. அதன் மேல் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே சிதைந்து, ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் பொருள்களாகின்றன. எந்த உலோகம் என்பதைப் பொறுத்துச் சிதைவும் மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வை இதோடு சேர்த்து வாசிக்கலாம். எலிகளுக்குப் புகை செலுத்திக்கொண்டிருந்தவர்கள், துருப்பிடிக்காத எஃகுச் சுருளை மாற்றி நிக்கல்-குரோமியச் சுருளைப் பொருத்தினார்கள். எலிகள் மூச்சுக்குத் திணறின, நுரையீரலில் காயம் தெரிந்தது. கஞ்சா எண்ணெயும் இல்லை, 2019இல் அமெரிக்காவில் பலரைக் கொன்ற நுரையீரல் பாதிப்புக்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டும் இல்லை. அதிக வாட்டில் எலிகளின் மேல் நடந்தது என்பதை மறந்து இதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் சுருளை மாற்றியதுமே விளைவு மாறியது என்பதை எளிதாக ஒதுக்கவும் முடியாது.

எதிர்க்கட்சிக்கும் வாதம் உண்டு. 2015இல் வெளிவந்த ஒரு கணக்கு, 13 கருவிகளின் உலோக அளவை எடுத்து, நாளொன்றுக்கு 1,200 இழுப்பு என்றே வைத்துக்கொண்டாலும், மூச்சுவழி மருந்துகளுக்கு அனுமதித்த வரம்பைவிடச் சராசரி அளவு குறைவுதான் என்று காட்டியது. புகையிலைச் செடி மண்ணிலிருந்து உறிஞ்சித் தரும் காட்மியமும் சாதாரண சிகரெட்டில்தான் அதிகம். இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் அந்த 13 கருவிகள் குறைந்த வாட்டில் ஓடிய தொடக்ககாலத்து மாதிரிகள். அன்றைய கணக்கை இன்றைய 68 வாட் சுருளுக்கு நீட்டுவது, சைக்கிளுக்குப் போட்ட பிரேக்கை லாரிக்கு மாட்டுவது.

இனி ஈரம் தீரும் கதை. ஒரே சுருளின் சூட்டை மூன்று நிலைகளில் அளந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. திரவத்தில் முழுதும் மூழ்கியிருந்தால் 110 முதல் 185 டிகிரி. திரியின் வழியே மட்டும் நனைந்தால் 145 முதல் 334. திரவமே இல்லாமல் உலர்ந்தால் 322 முதல் 1,008 டிகிரி. கடைசி நிலையில்தான் புகைப்பவருக்குத் தொண்டையைப் பிடிக்கும் தீய்ந்த சுவை வருகிறது.

இதைத் தடுக்கத்தான் வெப்பக் கட்டுப்பாடு வந்தது. தனியாக வெப்பமானி கிடையாது, கம்பியே வெப்பமானி. சுத்தமான நிக்கல் 20 டிகிரியிலிருந்து 220க்கு ஏறினால் அதன் மின்தடை இரண்டு மடங்கையும் தாண்டும். கருவி அதைக் கவனித்து மின்சாரத்தைக் குறைக்கிறது. நைக்ரோமின் மின்தடையோ சூட்டுக்கு அசைந்தே கொடுக்காது, ஆகவே இந்த வேலைக்கு உதவாது. அதிகச் சூட்டிலிருந்து காப்பாற்ற முழு நிக்கல் கம்பியைத் திரவத்தில் ஊறப்போடும் இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிப்பதா, என்ன செய்வதா என்று எனக்குத் தெரியவில்லை. பீங்கான் காயில் என்று விற்பதிலும், நுண்துளைப் பீங்கானுக்குள் சூடேறுவது ஓர் உலோகத் தடம்தான்.

சுருளைத் தாமே கட்டிக்கொள்கிறவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. பழைய பஞ்சை உருவியெடுத்துவிட்டு, வெறும் கம்பியில் மின்சாரத்தைச் செலுத்திச் செக்கச்செவேலென்று பழுக்கவைப்பார்கள். கம்பியில் ஒட்டிய பொருக்கு எரிந்து புகைந்து சாம்பலாகும். சூட்டில் கவசம் இன்னும் கெட்டிப்படும் என்று ஒரு சமாதானமும் சொல்வார்கள். உலைக்காரர் மணிக்கணக்கில் நிதானமாக வளர்க்கும் கவசம் ஐந்து விநாடியில் வளராது. மெல்லியதாக ஏதாவது படிந்திருந்தாலும், அடுத்து அந்தச் சிவந்த கம்பியை அப்படியே குளிர்ந்த நீரில் முக்குகிறார்கள். சுர்ரென்ற ஒலியோடு மேல்தோல் வெடித்து உரியும். உரிந்ததில் கொஞ்சம் தண்ணீரோடு போகும். மீதி, புதுப் பஞ்சு நுழையக் காத்திருக்கும் அதே சுருளில் ஒட்டிக்கொண்டிருக்கும்.