வெயில் சுடுகிறது, ஏரி நடுக்குகிறது

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது கிராண்ட் ஹேவன். கோடையில் காலையில் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்புவதற்கென்றே அமைந்ததுபோன்ற ஊர். மிதித்தால் கீச்சிடும் மணல், ஏரிக்குள் நீளும் அலைதடுப்புச் சுவரின்மேல் சிவப்புக் கலங்கரை விளக்கங்கள், ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரை வரை மறைய மனமில்லாத சூரியன். தண்ணீரைத்தான் நம்ப முடியாது. முந்தைய நாள் 22 டிகிரி செல்சியஸில் குழந்தைகள் கும்மாளமிட்ட அதே இடம், மறுநாள் உச்சிவெயிலில் 10 டிகிரிக்கு இறங்கியிருக்கும். முழங்கால் அளவு நீரில் சற்று நேரம் நின்றாலே கணுக்கால் எலும்பு வலிக்கத் தொடங்கிவிடும்.

ஒரே இரவில் அவ்வளவு பெரிய ஏரி ஆறிப்போகுமா? ஆறவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் வேறிடம் போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்த ஏரியின் அதிகபட்ச ஆழம் 281 மீட்டர். நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் ஜூலையிலும் ஆழத்தில் ஏறத்தாழ அதே குளிர்தான். வெயில் சூடாக்குவது மேலே உள்ள மெல்லிய அடுக்கை மட்டுமே. பாலின் மேல் படியும் ஆடையைப்போல அது மிதக்கிறது. ஒருபுறம் ஒதுக்கிவிட்டால் அடியில் இருப்பது வெளியே தெரியும்.

ஒதுக்குவது காற்று. ஆனால் நாம் நினைக்கும் திசையில் அல்ல. வடக்கிலிருந்து வாடைக்காற்று அடித்தால் தண்ணீர் தெற்கே போக வேண்டும் என்றுதானே தோன்றும்? 1893இல் ஆர்க்டிக் பயணம் புறப்பட்ட நார்வேக்காரர் நான்சென், பனிப்பாளங்கள் காற்றின் திசைக்குச் சற்று வலப்புறமாக நகர்வதைக் கவனித்தார். அதற்குக் கணக்குப் போட்டு 1905இல் விளக்கம் வெளியிட்டவர் சுவீடன் நாட்டு எக்மன். பூமி சுழல்வதால் வடகோளத்தில் மேல்மட்ட நீர் வலப்பக்கம் திரும்புகிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ளதை இழுக்க, கீழே போகப்போகத் திருப்பம் கூடுகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நீரின் மொத்த நகர்வு காற்றுக்குச் செங்குத்தாக, வலப்பக்கம்!

தெற்கு நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் மேற்கு. கிராண்ட் ஹேவனுக்கு அது நடு ஏரி. வாடை விடாமல் அடித்தால் வெப்பநீர் கரையைவிட்டு விலகும், காலியான இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழும். தெற்குக் காற்று வீசினால் கதை தலைகீழ்: வெப்பநீர் இந்தக் கரையில் வந்து குவியும், எதிர்க்கரையிலுள்ள மில்வாக்கி நடுங்கும்.

இதிலுள்ள குறும்பு என்னவென்றால், கோடையில் குளிர்காற்று முகப்பு ஒன்று, அதாவது நகர்ந்துவரும் குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்துபோன பிறகுதான் வாடை கிளம்பும். வானமும் அப்போதுதான் துடைத்துவிட்டதுபோல் தெளியும். ஊரே ஏரிக்குக் கிளம்பும் பளிச்சென்ற நாள், பல சமயம் குளிக்கத் தோதில்லாத நாள். அதனால் கிளம்புமுன் வானத்தைப் பார்ப்பதைவிட முந்தைய நாள் காற்றுத் திசையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அலைதடுப்புச் சுவரிலிருந்து தடாலென்று குதிப்பது எப்போதும் ஆபத்து. இத்தகைய நாளில் இரட்டை ஆபத்து. திடீர்க் குளிரில் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுப்போம், அந்த நொடியில் வாய் நீருக்குள் இருக்கக்கூடும்.

நம் பக்கமும் இதே கணக்குதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கரையோரமாகத் தெற்கு நோக்கி வீசும் காற்று, மேல்நீரை மேற்கே அரபிக்கடலுக்குள் தள்ளுகிறது. அங்கே மேலெழும் நீர் சத்துகளையும் சுமந்து வருவதால் நுண்ணுயிர்ப் பாசி பெருகி, மத்தி மீனுக்கு விருந்தாகிறது.

கிராண்ட் ஹேவனில் குளிக்காமல் திரும்ப மனமில்லையென்றால் ஊருக்குப் பின்னால் ஸ்பிரிங் லேக் இருக்கிறது. கிராண்ட் ஆற்றோடு இணைந்த சிறிய ஏரி. அதன் குறுகிய அகலத்தில் எக்மன் கணக்குக்குப் பெரிதாக வேலையில்லை. பெரிய ஏரி நடுக்கும் நாளிலும் அங்கே நிம்மதியாக நீந்தலாம்.