லம்பர்: தட்டுமுட்டுச் சாமான் பலகையான கதை

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மரக்காலைக்குப் போய் ‘லம்பர்’ இருக்கிறதா என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. இங்கே அது டிம்பர், அல்லது வெறும் மரம். ஆனால் யூடியூபில் மேசையும் மாடிக்கட்டிலும் செய்யக் கற்றுத்தருகிற அமெரிக்கர் வாயைத் திறந்தாலே லம்பர்தான். அந்த வரைபடத்தைப் பார்த்து இங்கே மரம் வாங்குகிறவர் முதல் நாளே தடுக்கி விழுவதும் அந்தச் சொல்லில்தான். அது வேறொரு மரத்தின் பெயரல்ல. மரத்தின் ஒரு நிலையின் பெயர்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டில் நிற்கும் மரமும் வெட்டிச் சாய்த்த மரமும் டிம்பர். வாளில் அறுத்துப் பலகையாகவோ சட்டமாகவோ ஆனபின் அது லம்பர். பிரித்தானியாவில் அறுத்த பிறகும் டிம்பர்தான். பிரித்தானியர் தோட்டம் போட்ட நமது மலைநாட்டிலும் அந்த வழக்கமே நிலைத்தது.

பிரித்தானியர் காதில் லம்பர் என்றால் முதலில் தோன்றுவது பலகை அல்ல, தட்டுமுட்டுச் சாமான். உடைந்த நாற்காலி, கால் ஆடும் கட்டில், எறியவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் இடமில்லாமல் கிடக்கும் பொருட்கள். அவற்றைப் போட்டு அடைக்கும் அறைக்கு அங்கே ‘லம்பர் ரூம்’ என்று பெயர். வேண்டாத வேலையை ஒருவர் தலையில் கட்டுவதற்கும் இதே சொல் வினையாக வரும். 16ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கும் பொருள் இதுதான். பலகை என்ற பொருள் அதற்கு ஏறத்தாழ நூறு வருடம் பிந்தியது.

அந்தப் பழைய பொருள் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, பாரமான உடம்போடு தட்டுத்தடுமாறி நடப்பதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினை. அசைக்கச் சிரமமான சாமானுக்கு அது பொருந்தவே செய்கிறது. மற்றது அடகுக்கடை. இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து போன வட்டிக்காரர்கள் இலண்டனில் தொழில் செய்தார்கள். லொம்பார்ட் வீதி இன்றும் அங்கே இருக்கிறது. அடகுக்கடையை ‘லம்பர் ஹவுஸ்’ என்று சொல்லும் வழக்கும் இருந்தது. நமது டவுன்களில் அடகுக்கடைக்குப் போவது நகை. அன்றைய ஐரோப்பாவில் கட்டில், பெட்டி, சட்டி எல்லாமே அடகுக்குப் போகும். மீட்கப்படாமல் அங்கே குவிந்து கிடந்ததுதான் லம்பர் என்பது இந்த விளக்கம். லொம்பார்டி என்ற பெயருக்கு மூலமான இனத்தாரின் பெயரை ‘நீண்ட தாடிக்காரர்’ என்று பிரிப்பார்கள். ஆக, இந்த வழியில் போனால் பலகைக்கடைச் சொல் ஒரு தாடியில் போய் முடிகிறது.

தட்டுமுட்டு பலகையாக மாறியது 1660களில், வட அமெரிக்கக் குடியேற்றங்களில். பயிர்நிலம் வேண்டுமென்று காட்டை அழித்தவர்களுக்கு, வெட்டிய மரம் முதலில் வழியை அடைத்துக் கிடந்த சுமைதான். அதையே அறுத்துப் பலகையாகவும் கூரைச் சில்லாகவும் பீப்பாய்ச் சட்டமாகவும் கப்பலேற்றியபோது காசானது. பெயர் மட்டும் பழையதே நின்றுவிட்டது. சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாறுகின்றன: யாரும் தீர்மானித்து மாற்றுவதில்லை, பொருளின் மதிப்பு மாறும்போது சொல்லும் கூடவே ஏறிவிடுகிறது.

கிளினிக்கில் முதுகுவலிக்கு எழுதித் தரும் ‘லம்பர்’ இதற்கு உறவே இல்லை. அது இடுப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

டிம்பரின் பரம்பரை இதைவிடக் கௌரவமானது. பழைய ஆங்கிலத்தில் அது மரத்தை அல்ல, கட்டடத்தையே குறித்தது. ஜேர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு ‘சிம்மர்’ இன்றும் அறை என்றே பொருள்படும். கட்டுவதைக் குறித்த ஒரே மூலத்திலிருந்து இலத்தீனில் வீட்டுக்கு ‘டோமுஸ்’ வந்தது, சமஸ்கிருதத்தில் ‘தம்’ வந்தது. கல்யாணப் பத்திரிகையில் நாம் அச்சடிக்கும் ‘தம்பதி’ அந்தத் தம்மின் பதிதான், வீட்டுக்குரியவர். டிம்பரும் தம்பதியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

நம் பக்கம் ‘மரம்’ என்ற ஒரு சொல்லே நிற்பதற்கும் கிடப்பதற்கும் அறுத்ததற்கும் போதும். வடிவம் வந்தபின்தான் பெயர் பிரிகிறது. அகலமாக, மெல்லியதாக இருந்தால் பலகை. சுவருக்குச் சுவர் பாரம் தாங்கினால் தீராந்தி. ஓட்டுக்கு அடியில் ஓடினால் ரீப்பை. கடைசி இரண்டும் போர்த்துக்கேயச் சொற்கள்: ‘திரான்தே’, ‘ரிப்பா’. தச்சு வேலை செய்கிற பாஸ் டச்சுக்காரர் விட்டுப்போன ‘பாஸ்’; ஆங்கிலேயரின் முதலாளி ‘பாஸ்’ஸும் அதே சொல்தான். திருப்பிக் கொடுத்த கணக்கும் உண்டு. ஆங்கிலத்தின் ‘டீக்’, நமது தேக்கு மலையாளக் கரையில் போர்த்துக்கேயர் கப்பலேறிப் போனது. தமிழ்நாட்டில் சவுக்கு என்றால் கடற்கரையில் ஊசி இலையோடு நிற்கும் மரம். மலைநாட்டில் சவுக்கு, தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியா. இரண்டும் அவுஸ்திரேலியாவோடு தொடர்புள்ளவை என்றாலும் குடும்பம் வேறு, மரத்தின் தன்மையும் வேறு. லம்பரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அவ்வளவு உரிமையில்லை.

இனி, காசு போகும் இடம். அமெரிக்க வரைபடத்தில் ‘2×4 லம்பர்’ என்று இருந்தால் அது 2 அங்குலமும் அல்ல, 4 அங்குலமும் அல்ல. கையில் வருவது 1½ × 3½ அங்குலம், அதாவது 38 × 89 மில்லிமீற்றர். ஒரு காலத்தில் ஈரமாக அறுத்தபோது இருந்த அளவுதான் பெயரில் நிற்கிறது. காயும்போது கொஞ்சமும், நான்கு பக்கமும் சீவும்போது மிச்சமும் போய்விடுகின்றன. நமது மரக்காலையில் பெரிய அளவை முன்னே வைத்து ‘நாலுக்கு ரெண்டு’ என்போம். சீவாமல் வாங்கினால் அது ஏறக்குறைய முழு அளவிலேயே இருக்கும்.

12 அடி நீளத்துக்குக் கணக்குப் பார்ப்போம். லம்பரை அளப்பது ‘போர்ட் ஃபுட்’டில்: ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம், ஆக 144 கன அங்குலம். அப்படி 12 சேர்ந்தால் ஒரு கன அடி. பெயரளவில் அந்தத் துண்டு 8 போர்ட் ஃபுட். உண்மையில் இருப்பது 5¼ மட்டுமே. வரைபடம் போட்டவர் சிறிய அளவை மனதில் வைத்தே காடி, அதாவது சட்டம் இறங்கும் பள்ளம், வெட்டச் சொல்லியிருப்பார். 1½ அங்குலக் காடியில் நமது 2 அங்குலச் சட்டம் இறங்காது. மூன்று சட்டத்தை ஒட்ட வைத்தால் அங்கே 4½ அங்குலம், இங்கே 6.

அப்படியானால் சீவி 38 × 89 ஆக்கினால் சரிதானே என்று தோன்றும். காய்ந்த மரமென்றால் சரி. அறுத்துச் சில நாளேயான யூகலிப்டஸ் அல்லது பைனஸ் என்றால் வேண்டாம். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். அதுவரை வெளியேறுவது நார்க்குழாய்களில் நிற்கும் தண்ணீர். அதன்பின் போவது நாரின் சுவருக்குள் இருக்கும் தண்ணீர். வருட வளையத்தின் போக்கில் சுருக்கம் அதிகம், குறுக்கே அதில் பாதியளவு, நீளத்தில் அனேகமாக இல்லை. வளையப் போக்கில் முழுச் சுருக்கம் 8 சதவீதம் உள்ள மரம் 15 சதவீத ஈரத்துக்கு வரும்போது 4 அங்குலத்தில் 4 மில்லிமீற்றர் வரை இழக்கும். 12 அடி நீளத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். வளையப் போக்குக்கும் குறுக்குக்கும் உள்ள வேறுபாட்டால்தான் பலகை சமமாகச் சிறுக்காமல் கிண்ணம்போல் வளைகிறது.

நுவரெலியாவின் காற்றில் ஈரப்பதன் 80 சதவீதத்தில் நின்றால் மரம் 16 சதவீத ஈரத்தோடு அமைதியடைந்துவிடும். அதற்குக் கீழே வெளியில் வைத்துக் காயவைக்க முடியாது. அங்கே செய்த அலமாரி கொழும்பில் ஏசி அறைக்குப் போனால் இன்னும் சுருங்கும்.

ஆகவே அமெரிக்க வரைபடத்துக்கு மரம் வாங்கும்போது பெயரளவை விட்டுவிட்டு சீவியபின் வேண்டியது 38 × 89 என்று பாஸிடம் சொல்லுங்கள். ‘நாலுக்கு ரெண்டு’ அறுத்து, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, ஒன்றரை இரண்டு அடிக்கு ஒரு ரீப்பைத்துண்டு இடையில் வைத்து, அந்தத் துண்டுகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் நிற்க அடுக்க வேண்டும். நுனிகளுக்குப் பழைய பெயின்ற் பூசினால் வெடிப்பு குறையும். காய்ந்தபின் சீவுங்கள். காடியைக் கடைசியில், கையிலுள்ள சட்டத்தை அளந்து வெட்டுங்கள்.