நெதர்லாந்தில் உடம்புக்கு முடியாமல் போனால் சம்பளம் யார் தருவார்கள்?

நெதர்லாந்தில் 1967இல் டபிள்யூஏஓ என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டவருக்கு 65 வயது வரை உதவித்தொகை. முழுதாக முடியாதவருக்குப் பழைய சம்பளத்தில் 80 சதவீதம். ஆலையில் அடிபட்டதா, வீட்டில் வழுக்கி விழுந்ததா என்று கேட்கமாட்டார்கள். உழைக்கும் திறனில் 15 சதவீதம் குறைந்தாலே ஏதோ ஒரு தொகை உண்டு.

1990 வாக்கில் இயலாமைத் தொகை வாங்கியவர்கள் 9 லட்சத்தை நெருங்கிவிட்டார்கள். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 1.5 கோடிதான். "நெதர்லாந்துக்கு நோய்" என்றார் பிரதமர் ரூட் லுபர்ஸ்.

நோய் உடம்பில் மட்டும் இல்லை. 1970களிலும் 80களிலும் ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. பணிநீக்கத்துக்கு அரசு அனுமதி வேண்டும்; அது இழுபறி. வேலையில்லாதவருக்கான தொகை சில காலத்தில் நின்றுவிடும், இதுவோ ஓய்வு வயது வரை வரும். முதுகுவலிக்காரரை இந்தப் பக்கம் அனுப்பிவிட்டால் முதலாளிக்கும் நிம்மதி, தொழிற்சங்கத்துக்கும் நிம்மதி. பணம் பொது நிதியிலிருந்து போனது. இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, முதுகுவலி உண்மைதானே.

அரசு முதலில் தொகையை 70 சதவீதமாக வெட்டியது. 1991இல் மேலும் வெட்டப் பார்த்தபோது ஹேக் நகரில் பெருங்கூட்டம் திரண்டது. 1993இல் மருத்துவப் பரிசோதனையை இறுக்கினார்கள். எண்ணிக்கை கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது.

அப்புறம்தான் செலவை முதலாளி தலையில் வைத்தார்கள். 2004 முதல், நோயில் படுத்தவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் குறைந்தது 70 சதவீதச் சம்பளத்தை நிறுவனமே தர வேண்டும். அவரை மறுபடி வேலைக்குக் கொண்டுவர எட்டு வாரத்துக்குள் எழுத்தில் திட்டம் போட வேண்டும். போதிய முயற்சி இல்லையென்றால் மூன்றாம் ஆண்டுச் சம்பளமும் அவர்கள் பொறுப்பு. புதிய விண்ணப்பங்கள் மளமளவெனக் குறைந்தன.

இரண்டு ஆண்டு கழித்தும் முடியாதவர்களுக்கு, 2006 முதல் 'வியா' சட்டம். நோயை அல்ல, இழந்த வருமானத்தை அது அளக்கிறது. 4,000 யூரோ வாங்கியவர் வேறு வேலையில் 3,000 ஈட்ட முடியும் என்று கணித்தால் இழப்பு 25 சதவீதம். இழப்பு 35 சதவீதத்துக்குக் கீழே என்பதால் ஒன்றும் கிடையாது. 2,000தான் முடியும் என்றால் பகுதித் தொகை உண்டு.

இதற்கும் விலை இருக்கிறது. இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்குப் பயந்து, சிறு கடைக்காரர்கள் நிரந்தர வேலை தரவே யோசிக்கிறார்கள். இப்போது 'வியா' வாங்குவோரும் கூடிவருகிறார்கள். ஓய்வு வயது 67 ஆகிவிட்டது, முதிய தொழிலாளர் அதிகம். பரிசோதிக்கும் மருத்துவர்களுக்குத்தான் பஞ்சம். காத்திருப்போர் வரிசை நீண்டதால் 2022இல் 60 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவர் இல்லாமலே தற்காலிகமாக எளிய மதிப்பீடு கொண்டுவந்தார்கள்.