மேட்சிங் நம்பர்ஸ்: பதிவொத்த எண்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் விலையைச் சட்டென்று ஏற்றிவிடும் சொல் ‘மேட்சிங் நம்பர்ஸ்’. தொழிற்சாலையில் பூட்டிய அதே இன்ஜின், கியர்பாக்ஸ், பாடியோடு கார் இன்றும் இருக்கிறது என்பது பொருள்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம், குறிப்பாக ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் பிரியர்களிடம், வேரூன்றிய வழக்கு இது. ஜெனரல் மோட்டார்ஸ் காரின் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களையே இன்ஜின் பிளாக்கிலும் பஞ்ச் அடித்தது. அங்கே எண்கள் உண்மையிலேயே பொருந்தும்.

பிரிட்டனில் கதை வேறு. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் இடப்பக்க ஸ்டியரிங் கூப்பேயின் சேஸி எண் 885001-இல் தொடங்குகிறது, 3.8 லிட்டர் இன்ஜின் எண்ணோ ஆர் 1001-இல். இவை ஒன்றோடொன்று பொருந்த வழியே இல்லை. பொருந்த வேண்டியது தொழிற்சாலைப் பதிவேட்டோடு. ஆகவே ‘பொருந்தும் எண்கள்’ என்ற நேர்பெயர்ப்பு தவறான இடத்தில் தேடவைக்கும்; ‘பதிவொத்த எண்கள்’ என்பதே சரி. பதிவேட்டு விவரத்தைச் சான்றிதழாகப் பெறலாம்: ஜாகுவாருக்கு ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட், எம்ஜி கார்களுக்கு இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம்.

ஈ-டைப்பில் சேஸி எண் முன் ஃபிரேமின் வலப்பக்கக் குறுக்குச் சட்டத்தில், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) பிடிக்கு மேலே இருக்கும். இன்ஜின் எண் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே. அதே எண் சிலிண்டர் ஹெட்டின் முன்முனையிலும் இருக்கும். இந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டு எண்கள் நேராகவே ஒத்திருக்க வேண்டும். வேறுபட்டால் ஹெட் மாறியிருக்கிறது. கடைசியில் வரும் 8 அல்லது 9 அழுத்த விகிதம், வரிசை எண்ணில் சேராது. இன்ஜின் அறையிலுள்ள தகட்டை மட்டும் நம்பக் கூடாது: புதுத் தகடு விலைக்கே கிடைக்கிறது. பிளாக்கில் அடித்த எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ பள்ளமோ தெரிந்தால் பழைய எண்ணை அழித்து மறுபடி பஞ்ச் அடித்திருக்கலாம். புடைத்து நிற்பது வார்ப்பு எண். அது எந்த வகைப் பிளாக் என்று சொல்லுமே தவிர, எந்தக் காருடையது என்று சொல்லாது.

எம்ஜியின் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் இன்னும் எளிதாக ஏமாறலாம். அதன் இன்ஜின் எண் பிளாக்கில் ரிவெட் அடித்த சிறு தகட்டில்தான் இருக்கிறது. கழற்றி வேறு பிளாக்கில் மாட்ட அதிக நேரம் பிடிக்காது. பிளாக்கில் பொன்னிறப் பெயின்ட் தெரிந்தால் அது எம்ஜியின் தாய் நிறுவனமான பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ‘கோல்டு சீல்’ மாற்று இன்ஜினாக இருக்கலாம். நேர்மையான பழுதுதான், ஆனால் பதிவொத்தது அல்ல.

பதிவேட்டில் ஏறாத உறுப்புகளுக்குக் ‘காலமொத்த’ என்ற சொல் போதும். லூகாஸ் நிறுவனத்தின் மின் உறுப்புகளான டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டரில் தேதி பஞ்ச் அடித்திருக்கும். 14 62 என்றால் 1962-இன் 14-ஆவது வாரம். அது கார் கட்டிய நாளுக்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் உறுப்பு மாற்றப்பட்டது. டிரிப்ளெக்ஸ் நிறுவனக் கண்ணாடியில் ‘டஃபன்டு’ (TOUGHENED) என்ற சொல்லின் ஒன்பது ஆங்கில எழுத்துகளில் எத்தனையாவது எழுத்தின் கீழே புள்ளி இருக்கிறதோ அதுவே ஆண்டின் கடைசி இலக்கம்; புள்ளியே இல்லையென்றால் 0. பத்தாண்டைக் காட்டாது என்பதால் 1962 கண்ணாடிக்கும் 1972 கண்ணாடிக்கும் புள்ளி ஒரே இடத்தில்தான் இருக்கும்.