‘எதற்காக மதம் மாறினீர்கள்?’ என்று கேட்கும்போது

கல்லூரி திறந்து ஒன்றிரண்டு மாதம் ஆன பிறகுதான் கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர் ஆலோசனை அறைக்கு வரத் தொடங்குவார்கள். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடுதியில் இருக்கவே பிடிக்கவில்லை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ வரும்போது தயங்கித் தயங்கி உண்மையான காரணம் வெளியே வரும். “நீங்களெல்லாம் ரொட்டிக்கும் பால் பவுடருக்கும் மாறியவர்கள்தானே என்று கேட்கிறார்கள், மேடம்.”

மாணவர்களுக்கான உளவள ஆலோசகராக இருக்கும் நான் இப்படி வந்த கிறிஸ்தவப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பெண். கோயில் மணி கேட்டு எழுந்து, இரவில் குடும்ப ஜெபம் முடித்துப் படுக்கும் வீடு. தெருவில் பெரும்பாலோர் அதே சபையார். “நீ ஏன் கிறிஸ்தவள்?” என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, கேட்கவேண்டிய தேவையும் இருந்ததில்லை. சென்னை விடுதியில் முதல் மாதமே கேட்டார்கள். அறைத்தோழி ஒருத்தி, “ஒரே கடவுள் என்கிறீர்கள், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவரையும் சொல்கிறீர்களே, அது எப்படி?” என்று கேட்டாள். இன்னொருத்தி சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும், “மதம் மாற உங்கள் தாத்தாவுக்கு எத்தனை மூட்டை அரிசி கொடுத்தார்கள்?” என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் இவள் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டாள். வாயடைத்துப்போய் அறைக்குத் திரும்பி, நள்ளிரவு தாண்டியும் விவாத வீடியோக்களைப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள்.

அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்தாள். இடப்பக்கம் சிவப்பு மையில் கேள்வி, வலப்பக்கம் நீல மையில் பதில். கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் சிறுத்துக்கொண்டே போனது. எழுத எழுத பயம் குறைந்திருக்க வேண்டும், கூடித்தான் இருந்தது. “இதில் இல்லாத கேள்வியை நாளைக்கு யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வேன்?” என்றாள். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருப்பவள்தான் நல்ல கிறிஸ்தவள் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். அப்படியானால் முன்பின் தெரியாத எவரும் ஒரே கேள்வியில் அவளுடைய விசுவாசத்தைப் பறித்துவிடலாம் என்றல்லவா ஆகிறது?

“இந்த நோட்டில் உன் சொந்தக் கேள்வி எது?” என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டினாள், மூடினாள். வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: “எங்கள் அத்தைக்குப் புற்றுநோய் வந்தபோது சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. பிறகும் ஏன் இறந்துபோனார்கள்?” அந்தக் கேள்வி நோட்டில் எங்குமே இல்லை. அதைத்தான் அவள் சிறுமியாக இருந்த நாளிலிருந்து யாரிடமும் கேட்கப் பயந்திருந்தாள். கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்களே என்ற பயம். அடுத்தவர் கேள்வி ஒவ்வொன்றும் இந்தப் பழைய கேள்வியைத் தொட்டதால்தான் அவளுக்கு அத்தனை வலித்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் சொல்வது என் வேலையும் இல்லை. அழுது முடித்த பிறகு, அத்தைக்காக ஜெபித்த போதகர் ஐயாவிடமே இதைக் கேட்கச் சொன்னேன்.

விசுவாசத்தைப் பற்றி யார் கேட்டாலும், என்ன பதில் சொல்வது என்பதற்கு முன்னால், இவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். அறைத்தோழி கேட்டது நட்பில் எழுந்த கேள்வி. அவளிடம் “எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான், மீதி எனக்கும் விளங்கவில்லை” என்று சொன்னால் நட்பு வளரும். சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டவள் பதிலுக்காகக் காத்திருக்கவே இல்லை. அங்கே விளக்கம் சொல்லப்போனால் மேலும் நாலு பேர் சிரிப்பார்கள். “அவமானப்படுத்தத்தான் கேட்கிறாய் என்றால் இதை நான் பேச விரும்பவில்லை” என்று நிதானமாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வது தோல்வியே அல்ல. பேதுருவின் முதல் நிருபம் 3:15 நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. சாந்தத்தோடு சொல்லுங்கள் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. பதிலுக்கு அவர்களுடைய சாமியை இழுப்பது அந்தச் சாந்தத்தில் சேராது.

மூட்டைக் கேள்வி மட்டும் அவளை விடவில்லை. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டும்படி போதகரிடம் கேட்டாள். பூச்சி அரித்த பக்கத்தில் பூட்டனின் பெயர் இருந்தது. தொழில் என்ற இடத்தில் ‘பனையேறி’ என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வந்து என்னிடம் காட்டினாள்.

அவளுடைய ஊர் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் பனையேறிக் குடும்பங்கள் தலைவரி கட்டின. அந்தக் குடும்பத்துப் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. தோள்சீலைக்காக நடந்த நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் 1859இல் அரசு அறிவிப்பு வந்தது. அதற்கும் முன்னால், மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரம் யாத்திரை போய், மனம் நிறையாமல் தஞ்சாவூர் வந்து ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைத்த பிறகுதான் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806இல் அந்த ஊருக்கு வந்தார். இதே தமிழ்நாட்டில் 1876–78 பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியில் ஏராளமானோர் திருச்சபையில் சேர்ந்ததும் உண்மை. அதை ஏன் மறைக்க வேண்டும்? பசித்தவனுக்குச் சோறு போட்டவர்களை அவன் நம்பியதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வயிற்றுக்காக வந்தவர்களும் மானத்துக்காக வந்தவர்களும் கடவுளைத் தேடி வந்தவர்களும் ஒரே பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். சில சமயம் மூன்றும் ஒரே ஆளாக இருந்திருக்கும். இந்த வரலாறு தெரிந்த பிறகு அவளுக்கு அந்தக் கேள்வியின் மேல் கோபம்கூட வரவில்லை.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அடையாளம் உருவாவதைப் பற்றி ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வீட்டில் கொடுத்ததை ஆராயாமல் அப்படியே ஏற்றுக்கொண்ட நிலை வேறு, கேள்விகளைக் கடந்து தானாகத் தேர்ந்துகொண்ட நிலை வேறு என்றார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், வாலிபர் கூட்டம் எல்லாம் தவறாமல் முடித்த பிள்ளை முதல் நிலையிலேயே நின்றிருக்கலாம். வீட்டில் சந்தேகம் கேட்கும் பிள்ளையிடம் “முதலில் போய் முழங்கால் போடு” என்று வாயை அடைத்தால், அதே சந்தேகத்தை அவன் ஊர் தெரியாத இடத்தில், கேலி செய்கிறவர்கள் நடுவில் தனியாகச் சந்திப்பான். உயிர்த்தெழுந்தவரின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவை இயேசு விரட்டவில்லை, கையை நீட்டச் சொன்னார். அந்தத் தோமா வந்ததாக வழிவழியாக நம்பிப் பரங்கிமலைக்கு ஏறுகிற நாம், பிள்ளைகளின் கேள்விக்கு ஏன் இப்படிப் பதறுகிறோம்?

வேறொரு வகைச் சந்தேகமும் உண்டு, அதைப் பிரித்தறிய வேண்டும். வேண்டாத தூஷண எண்ணங்கள் திரும்பத் திரும்ப மனதில் வருவது, ஜெபத்தில் ஒரு சொல் தவறிவிட்டதென்று முதலிலிருந்து மறுபடி மறுபடி சொல்வது, மன்னிப்பு கிடைத்ததா என்று நாளெல்லாம் போதகரிடமும் பெற்றோரிடமும் கேட்டு உறுதி தேடுவது. இவை எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) அறிகுறிகளாக இருக்கலாம். விசுவாசக் குறைவும் இல்லை, பிசாசின் சோதனையும் இல்லை. சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உடனே யாரிடமாவது பேசவேண்டுமானால், அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கேலி நிற்காமல் தொடர்ந்தால் பொறுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மதத்தின் பெயரால் ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. யார், எப்போது, எங்கே, என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி, விடுதிக் காப்பாளரிடமும் ராகிங் தடுப்புக் குழுவிடமும் கொடுக்கலாம். 1800-180-5522 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். கிறிஸ்தவப் பிள்ளைகள் பலர், மன்னிக்க வேண்டுமே என்று சொல்லிப் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். மன்னிப்பதும் புகார் எழுதுவதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. புகாரை எழுத என் மேசையிலேயே தாளும் பேனாவும் எடுத்துக் கொடுப்பேன்.