100 எம்பிபிஎஸ் இணைய வேகம் இருந்தும் வேலைப் பலகை ஏன் சுற்றுகிறது?

ஓசூர் சிப்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அமெரிக்கக் குழுவும் நாங்களும் இணையத்தில் ஒரே வேலைப் பலகையைத்தான், அதாவது யாருக்கு என்ன பணி என்று காட்டும் பக்கத்தைத்தான், பார்க்கிறோம். அவர்களுக்குத் தட்டியதும் திறக்கிறது, எங்களுக்கு வட்டம் சுற்றுகிறது. ஸ்பீடு டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பேக்கேஜை 300 ஆக்கிவிடலாமா?"

வேண்டாம். அது லாரி முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டுவது மாதிரி. கட்டினவருக்கு நிம்மதி, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

பலகையின் முதல் பக்கம் 200 கிலோபைட் என்று வையுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு 100 மெகாபிட்டில் (ஒரு பைட்டுக்கு 8 பிட்), அது இறங்க 16 மில்லி விநாடி போதும். ஆனால் சர்வர் அமெரிக்கக் கிழக்குக் கரையில், சுமார் 14,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ.தான் ஓடும். நேர்கோட்டில் போனாலே போக 70 மில்லி விநாடி, வர 70. கேபிள் கடலடியில் சுற்றிப் போகிறது, நடுவில் ரவுட்டர்கள் வேறு. போய்வர ஒரு நடைக்குக் கால் விநாடி என்று கணக்கு வைக்கலாம். கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் தூரம் குறையாது, அல்லவா?

எத்தனை நடை? இரு கணினிகளும் 'பேசலாமா, பேசலாம்' என்று தொடர்பு ஏற்படுத்தும் டிசிபி இணைப்புக்கு ஒன்று. பிறர் படிக்காதபடி மறையாக்கும் டிஎல்எஸ் 1.2 பூட்டுக்கு இரண்டு. 2018இல் வந்த 1.3 என்றால் ஒன்று. அப்புறம்தான் பக்கத்தைக் கேட்கவே முடியும். கேட்டாலும் மொத்தமாக வராது. இந்த இடம்தான் அழகு.

முன்பின் தெரியாத கூழ் ஆலைக்குப் பெங்களூரா மாங்காய் அனுப்பும் மண்டிக்காரர் முதல் நாளே பத்து லாரி ஏற்றமாட்டார். ஒன்று அனுப்புவார், சரக்கு சேர்ந்தது என்று தகவல் வந்தால் இரண்டு, அப்புறம் நான்கு. சர்வரும் அப்படித்தான். தரவைச் சிறு துண்டுகளாக, பொட்டலங்களாக, அனுப்பும். முதலில் 10 பொட்டலம், அதாவது சுமார் 14.6 கிலோபைட். 'வந்தது' என்ற பதில் கிடைத்ததும் 29, பிறகு 58, பிறகு 117. நாலாவது நடையில்தான் 200 முடிகிறது.

ஏன் இந்தத் தயக்கம்? 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32 கிலோபிட் போன இணைப்பு 40 பிட்டாகச் சரிந்தது. தொலைந்த பொட்டலங்களைக் கணினிகள் திரும்பத் திரும்பத் திணிக்க, வழியே அடைத்துக்கொண்டது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வில் இந்த 'மெதுவான தொடக்க'மும் ஒன்று. அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வகம் அது. 'இதனால் என்ன லாபம்' என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் கவனிக்கலாம்.

ஆக 1+2+4, ஏழு நடை, 1.75 விநாடி. அதன்பின் பயனர் யார், எந்தத் திட்டம், எந்தப் பணிகள், என்ன குறிப்புகள் என்று மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் இன்னொரு விநாடி. உலாவியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். பட்டைகள் படிக்கட்டு மாதிரி இறங்கினால் நோய் இதுதான். அந்த நாலு கேள்வியையும் ஒரே கேள்வியாகச் சேர்க்கும்படி மென்பொருள் செய்தவர்களிடம் சொல்லுங்கள்.

சர்வரை மும்பைக்கு மாற்றினால் நடைக்கு 30 மில்லி விநாடி அளவில் வரும். ஆனால் வலி அமெரிக்கக் குழுவுக்குப் போய்விடும். அதற்கு, இரு பக்கமும் அருகிலேயே ஒரு முனை சர்வர் வைப்பார்கள். டிசிபி, டிஎல்எஸ் கைகுலுக்கலெல்லாம் அங்கேயே முடியும். அங்கிருந்து மூல சர்வருக்கு ஏற்கெனவே திறந்து சூடாக இருக்கும் ஒரே இணைப்பு.

அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கம் களப்பணி செய்பவர்களுக்கு இதுவும் போதாது, சிக்னலே அறுந்துபோகும். மாற்றத்தை முதலில் போனிலேயே சேமித்து, வரிசையில் வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். சர்வர் வாங்கிக்கொண்டும் பதில் வழியில் தொலைந்தால் போன் மறுபடி அனுப்பும், ஒரே பணி இரண்டாகப் பதிவாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் போனிலேயே தனி அடையாள எண் கொடுத்தால் சர்வர் இரண்டாவதைத் தள்ளிவிடும். எது பிந்திய திருத்தம் என்பதை மட்டும் போன் கடிகாரத்தை நம்பி முடிவு செய்யக்கூடாது. பத்து நிமிடம் முந்தி ஓடும் ஒரு போன் எல்லார் திருத்தத்தையும் அழித்துவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்று கூடும் பதிப்பு எண் வையுங்கள்: பதிப்பு 7ஐப் பார்த்துத் திருத்தியவர் அனுப்பும்போது சர்வரில் 8 இருந்தால், அழிக்காமல் இரண்டையும் காட்டிக் கேட்கட்டும்.