திமிரியில் நீலம், பாரியில் சிவப்பு

மஞ்சக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் இருந்தவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை ஊதா விளக்கில் காட்ட, அதில் சின்னச் சின்ன இழைகள் மின்னின. பக்கத்தில் நின்ற பிளஸ் ஒன் மாணவி என்னிடம் கேட்டாள்: "சார், கேன்சர் செல்லையும் இப்படி மின்ன வைக்கலாமாமே?"

வைக்கலாம். ஆற்றல் மிகுந்த ஒளியை வாங்கி, கொஞ்சத்தை வெப்பமாக இழந்து, மீதியை வேறு நிறத்தில் விடுவதுதான் ஒளிர்தல். அது பள்ளிப் பாடம். ஆனால் உடம்புக்குள் அனுப்பும் ஒளிரும் நானோ துகள் எப்படிக் கேன்சர் செல்லைத் தேடிப் பிடிக்கிறது? சினைப்பைப் புற்றுநோய் செல்கள் பலவற்றின் மேல் ஃபோலேட் என்ற பி வைட்டமினைப் பிடிக்கும் கொக்கிகள் அதிகம். துகளின் மேல் அதன் ஒரு வடிவமான ஃபோலிக் அமிலத்தை ஒட்டி அனுப்பினால், செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். குவாண்டம் புள்ளிகள், அதாவது சில நானோமீட்டரே உள்ள, ஒளிரும் குறைக்கடத்தித் துகள்கள். காட்மியம் செலினைடு துகள் சுமார் 2 நானோமீட்டர் இருந்தால் நீலம். 6 இருந்தால் சிவப்பு. பொருள் ஒன்றுதான், சாயம் எதுவும் சேர்க்கவில்லை. பாடலீஸ்வரர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். குட்டையான திமிரியில் சுருதி ஏறும், நீளமான பாரியில் இறங்கும். இரண்டும் ஆச்சா மரம்தான். உள்ளே காற்று அலைய எவ்வளவு இடம் என்பதே கணக்கு. துகளுக்குள் எலக்ட்ரானும் ஓர் அலைதான். இடம் குறுகக் குறுக அதன் ஆற்றல் ஏறும், வரும் ஒளி நீலத்துக்கு நகரும். இதைக் கண்டறிந்து, சொன்ன அளவில் துகள் செய்யவும் வழி காட்டியதற்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆனால் காட்மியம் நஞ்சு. அதனால் பலர் சிலிக்கா பக்கமும் கார்பன் புள்ளிகள் பக்கமும் போனார்கள். கார்பன் புள்ளியைச் சர்க்கரைக் கரைசலிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பிலேயே செய்துவிடலாம். நம் ஊர்க் கல்லூரிகளுக்கு ஏற்ற வேலை. செய்வதற்குக் காசு வேண்டாம், ஒளிர்வை அளக்கும் கருவிக்குத்தான் வேண்டும். அதற்கு நிதி கேட்டால் நம்மவர்கள் கையை விரிப்பார்கள்.

அப்புறம் ஒரு சிக்கல். மாணவியிடம் செல்போன் டார்ச்சை விரலால் மூடச் சொன்னேன். சிவப்பு மட்டுமே வெளியே வந்தது. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளி இன்னும் கொஞ்சம் ஆழம் போகும், அதுவும் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் மங்கிவிடும். அதனால் இது ஸ்கேனுக்கு மாற்று அல்ல. அறுவை மேசையில், கண்ணுக்குத் தப்பிய கட்டியைக் காட்டும் வெளிச்சம். 2021இல் அமெரிக்கா அனுமதித்த பஃபோலாசியனைன் என்ற மருந்து அப்படிப்பட்டதுதான். அது நானோ துகள் அல்ல, வெறும் சாய மூலக்கூறு. ஆனால் பிடிப்பது அதே ஃபோலேட் கொக்கியை.

அவள் அதற்குள் டார்ச்சை உள்ளங்கைக்கு மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.